ஊட்ட வந்தவர்கள்

தேர்தல் வந்துவிட்டால் வயதானவர்கள் மேலும் நோயாளிகள் மேலும் ஊருக்கே பாசம் பொங்கும் என்பதை நாகரத்தினம் இரண்டு நாட்டில் பார்த்துவிட்டாள். இரண்டு நாட்டிலும் ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் அந்தப் பாசம் வடிந்துவிடும்.

முதல் நாடு நம்முடையது. தாராபுரத்துப் பெண்ணான அவள் நர்ஸ் படிப்பு முடித்து, ஓர் அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருடம் ஆண்கள் வார்டுக்கு ஹெட் சிஸ்டர். ஒரு தேர்தலின்போது வேட்பாளர் ஒருவர் வார்டைப் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கட்டில்களுக்குப் புது விரிப்பு வந்தது. ஒவ்வொரு நோயாளி கையிலும் ஓர் ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்து அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் வாசல் தாண்டியதும் கூட வந்தவர்கள் பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெண்கள் வார்டுக்கு ஓடினார்கள். அங்கேயும் போட்டோ எடுக்க வேண்டுமே. விரிப்புகளும் அன்று மாலையே போய்விட்டன. வேட்பாளர் ஜெயித்தார். பிறகு அந்த வார்டுப் பக்கம் அவர் தலை வைத்துப் படுக்கவில்லை. அது வார்டுக்கு நல்லதுதான் என்று நாகரத்தினம் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது நாடு அமெரிக்கா. 1991இல் அவளும் கணவர் சபரிநாதனும் மகனிடம் டெக்சாஸுக்கு வந்தார்கள். மகனுக்கு ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலை. சபரிநாதன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த வாரமே சோபாவில் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். நாகரத்தினத்துக்கு நான்கு மாதத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. நர்ஸ் உதவியாளர் பயிற்சி ஒன்றை முடித்து, பக்கத்தில் இருந்த முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆட்களும் நல்லவர்களே. அவர்களுக்கு நேரம் மட்டும்தான் இல்லை. தானே சாப்பிட்டால் முக்கால் மணி நேரம் எடுக்கிற கிழவிக்கு, உதவியாளர் கரண்டியால் ஊட்டினால் எட்டு நிமிடம் போதும். அதனால் ஊட்டினார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கிழவியின் கை மடியை விட்டு எழும்புவதையே மறந்துவிடும். பிறகு ஊட்டியே ஆகவேண்டும். பிறகு துடைக்க வேண்டும், தூக்க வேண்டும். கை காலோடு வந்தவர்களை அன்பாலேயே படுக்க வைக்கிற இடம் அது என்று நாகரத்தினம் முடிவுக்கு வந்தாள். ஐந்து வருடம் பார்த்துவிட்டு வேலையை விட்டாள்.

1996இல் தனக்கென்று ஒரு பகல் பராமரிப்பு நிலையம் ஆரம்பித்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பூட்டிய வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற நம்ம ஊர்ப் பெரியவர்கள் காலையில் வந்து மாலையில் போவார்கள். சபரிநாதன் சோபாவிலிருந்து எழுப்பப்பட்டு வேன் ஓட்டுநரானார். நிலையத்தில் ஒரே ஒரு சட்டம். ஒருவர் தானே செய்துகொள்ள முடிகிற காரியத்தை வேறு யாரும் செய்து தரக் கூடாது. முடியாததைச் செய்து தரலாம். முடிவதற்கும் முடியாததற்கும் நடுவில் இருப்பதை, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இடம் டாக்டர் கோபாலசாமியுடையது. உடுமலைப்பேட்டைக்காரர், இதய மருத்துவர். ஒரு டிரை கிளீனிங் கடைக்கும் மூடிப்போன வீடியோ கடைக்கும் நடுவில் இருந்த அறையை அவளுக்கு விட்டார். நாகரத்தினம் வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்றாள். சபரிநாதன் பதறிவிட்டார். நம்ம பக்கத்து மனுஷர், தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் எத்தனை தூரம், அவரிடம் போய் யாராவது பேப்பரை நீட்டுவார்களா, முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா என்றார். டாக்டரும் சிரித்துக்கொண்டு, நமக்குள்ளே எதற்கு அதெல்லாம் என்று சொல்லிவிட்டார். உரிமம் வாங்குவதற்கு மட்டும் ஒரு வரிக் கடிதம் கொடுத்தார். முன்பின் தெரியாத அமெரிக்கனாக இருந்திருந்தால் பதினைந்து பக்கத்துக்கு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்துத் தாலுகாவாகப் போய்விட்டதால் ஒப்பந்தமென்று ஒரு தாள் கூட இல்லை.

2000ஆம் வருடம் நிலையத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ராமசுப்ரமணியன் ஒருவர். வயது எழுபத்து நான்கு. சென்னையில் உரத் தொழிற்சாலை ஒன்றில் கெமிஸ்டாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அவர் மனைவி விசாலாக்ஷி ஏழு மாதம் வீட்டில் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தார். மகன் நஞ்சுண்டன் இரண்டு பேரையும் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டபோது, நாகரத்தினம் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தாள். விரல்கள் மடங்கின. மணிக்கட்டு பாதி தூரம் எழும்பியது. கை செத்துப்போகவில்லை, வேலை இல்லாமல் தூங்குகிறது என்றாள்.

விசாலாக்ஷி கொண்டுவந்த தயிர்சாதத்தை நாகரத்தினம் கெட்டியாக உருட்டிப் பிடிக்கிற பதத்துக்குப் பிசையச் சொன்னாள். ஓரம் உயர்ந்த தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். முதல் நாள் ஒன்றேகால் மணி நேரத்தில் நான்கு கவளம் வாய்க்குப் போனது. மீதி சட்டையில், மடியில், தரையில். விசாலாக்ஷிக்குப் பொறுக்கவில்லை.

"பாவம் சிஸ்டர், கை எப்படி நடுங்கறது பாருங்கோ. ஒரே ஒரு வாய் நான் போட்டுடறேனே."

"போடுங்க மாமி. ஆனா கடைசி வரைக்கும் போடோணும். நீங்க முன்னாடி போயிட்டா அப்புறம் யாரு போடுவாங்க, அதையும் இப்பவே சொல்லிப் போட்டுப் போடுங்க."

விசாலாக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நாகரத்தினம் தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். செப்டம்பர் வந்தபோது ராமசுப்ரமணியன் ஐம்பது நிமிடத்தில் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். இன்னும் சிந்தியது. சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

அந்தச் செப்டம்பரில்தான் டிவியில் ஜனாதிபதி தேர்தல் சூடு பிடித்தது. இரண்டு பெரிய வேட்பாளர்கள். இரண்டு பேரும் முதியோருக்கு மாத்திரை வாங்கித் தருகிறேன் என்றார்கள். ஒருவர் ஒரு வழியில், மற்றவர் இன்னொரு வழியில். எந்த வழியானாலும் பணம் மட்டும் வேறு யாரோ ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து வரும் என்பதைச் சொல்லாமலே விட்டார்கள். சபரிநாதனுக்கு விவாதம் என்றால் உயிர். சாயங்காலம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருவர் பேசும்போது அவருக்குத் தலையாட்டுவார், மற்றவர் பேசும்போது அவருக்கும் ஆட்டுவார். இரண்டு கட்சியின் பொத்தான் பேட்ஜையும் சட்டையின் இரண்டு பக்கமும் குத்தி வைத்திருந்தார்.

யாருக்குப் போட்டாலும் நமக்கு நட்டமில்லை, இரண்டு பேருமே கொடுக்கிறேன் என்கிறார்கள் என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னார்.

"யாருக்கு, என்ன நோவுக்குன்னு கேக்காம மாத்திரைய அள்ளிக் குடுக்கறவனுக்கு எங்க வார்டுல கூட்டற வேல கூடக் கெடைக்காதுங்க. நீங்க நாட்டையே தூக்கிக் குடுக்கறீங்க."

"நீ ஒருத்தரையும் நல்லவன்னு சொல்ல மாட்டியே புள்ள."

"நல்லவங்க நெறைய பேரு இருக்கறாங்க. அவங்க வீட்டுக்கு வீடு வந்து நான் நல்லவன்னு சொல்லீட்டுத் திரியறதில்ல."

நூலகத்துக்கு வெளியே ஒரு மடக்கு மேஜை போட்டு, ஆணி ஸ்க்ரூ விற்கிற ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் மூன்றாவது கட்சிக்காக உட்கார்ந்திருப்பார். அரசாங்கம் உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது, உங்கள் பணத்தை உங்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கொள்கை. நாகரத்தினம் அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். அடுத்த வாரம் அவரிடம் போய், தன் ஆங்கிலத்தில், முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னாள். யாரும் யாரையும் ஆளக் கூடாது என்கிற உங்கள் ஆளுக்கு ஆளுகிற நாற்காலி எதற்கு என்றும் கேட்டாள். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்து, அது எங்களுக்கே சங்கடமான கேள்விதான் என்றார். பிரச்சாரம் செய்கிறவர்களிலேயே ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். அவள் 1997இல் குடியுரிமை வாங்கியவள். இது அவளுக்கு முதல் ஜனாதிபதி தேர்தல். ஓட்டை அந்தக் கட்சிக்கே போடலாம் என்று நினைத்தாள். அந்த வேட்பாளரிடம் அவளுக்கு மிகவும் பிடித்த குணம், அவர் நிச்சயம் ஜெயிக்க மாட்டார் என்பது.

அக்டோபர் நடுவில் டாக்டர் கோபாலசாமி நிலையத்துக்கு வந்தார். பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு அவர் நிறைய ஆள் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. நாகரத்தினத்துக்கும் அது முக்கியமாகப் படவில்லை. ஜெயித்தால் ஏதோ ஒரு ஆலோசனைக் குழுவில் தனக்கு இடம் கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். ஜனாதிபதி வேட்பாளர் வரமாட்டார், அவருக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற ஒருவர் வருவார், பெரியவர்களோடு சில படங்கள் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான் என்றார்.

டெக்சாஸில் ஓட்டு எந்தப் பக்கம் என்பது முன்பே முடிவான விஷயமாயிற்றே, இங்கே எதற்கு வந்து மெனக்கெடுகிறார்கள் என்று நாகரத்தினம் கேட்டாள். படம் இங்கே உள்ளவர்களுக்கு இல்லை, வேறு மாநிலங்களில் இருக்கிற இந்தியக் குடும்பங்களுக்கு அனுப்புகிற பிரசுரத்துக்கு என்று டாக்டர் விளக்கினார். ஆக, இங்கே இருக்கிற ஒன்பது பேரின் ஓட்டு கூட அவர்களுக்கு வேண்டாம், முகம் மட்டும் போதும்.

"வரட்டுமுங்க டாக்டர். பன்னெண்டு மணிக்கு மட்டும் வேண்டாமுங்க. அது சாப்பாட்டு நேரம்."

"அக்கா, டைம் என் கையில இல்லீங்க. பதினொன்னரைக்கு வர்றாங்க, அரை மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிருவாங்க. நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. நான் என்னைக்காவது உங்ககிட்ட எதாச்சும் கேட்டிருக்கறனா?"

கேட்டதில்லைதான். நாகரத்தினம் சரி என்றாள்.

பேச்சாளர் வருகிற நாளில் பத்து மணிக்கே கட்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் கிளிப்போர்டு, கழுத்தில் ஓர் அட்டை. வந்ததும் வாக்கர்களையெல்லாம் சேமிப்பு அறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார், படத்தில் அது சோகமாகத் தெரியுமாம். பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு சக்கர நாற்காலி மட்டும் வேண்டும் என்றார், ஒன்றுமே இல்லாவிட்டால் உதவி தேவைப்படுகிற இடம் மாதிரித் தெரியாதாம். வாக்கர் இல்லாமல் மூன்று பேர் கழிவறைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாகரத்தினம் வாக்கர்களைத் திரும்பக் கொண்டுவந்து அவரவர் பக்கத்தில் வைத்தாள். கிளிப்போர்டு அம்மாள் புன்னகையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புன்னகை அன்று முழுவதும் அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை.

பதினொன்றரை ஆயிற்று. பேச்சாளர் வரவில்லை. பன்னிரண்டு அடித்ததும் நாகரத்தினம் தட்டுகளை எடுத்தாள். டாக்டர் ஓடிவந்து, ஒரு பதினைந்து நிமிடம் பொறுங்கள் என்றார். இங்கே ஐந்து பேருக்குச் சர்க்கரை, உங்களுக்குத் தெரியாததா டாக்டர் என்று சொல்லிவிட்டு அவள் பரிமாறினாள். ராமசுப்ரமணியன் முன்னால் தயிர்சாதத் தட்டு வந்தது. அவர் முதல் கவளத்தை உருட்ட ஆரம்பித்தார்.

பன்னிரண்டு பத்துக்குப் பேச்சாளர் நுழைந்தார். டிவி நிலையம் ஒன்றில் பல வருடம் வானிலை சொல்லி ஓய்வு பெற்றவர். மழை வரும் என்று சொல்லி, வராமல் போய், மறுநாள் அதே சிரிப்போடு வந்து நின்று பழகிய மனிதர். அந்தப் பழக்கம் பிரச்சாரத்துக்கு உதவும் என்று கட்சியில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஒன்பது பேரின் கையையும் குலுக்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கையையும் விடவில்லை. சாம்பார் பட்ட உள்ளங்கையைப் பார்த்ததும் அவருடைய உதவியாளர் ஒரு கைக்குட்டையை நீட்டினார்.

போட்டோக்காரரின் கண் ராமசுப்ரமணியன் மேல் விழுந்தது. நரைத்த தலை, நெற்றியில் விபூதி, மோவாயில் இரண்டு பருக்கை, நடுங்குகிற கை. அவர்கள் கண்ணுக்கு அது கரண்டி கூடக் கொடுக்கப்படாமல் விரலால் அளைந்துகொண்டிருக்கிற ஓர் ஆதரவற்ற கிழவராகத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதமாக அந்த விரல்கள் கற்றுக்கொண்டது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கிளிப்போர்டு அம்மாள் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வானிலைக்காரரின் கையில் கொடுத்தார். அவர் ஒரு முழங்காலை மடித்து நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கேமராவுக்கு இடம் விட்டு மண்டியிடத் தெரிந்திருந்தது. தட்டிலிருந்து ஒரு கரண்டி தயிர்சாதத்தை எடுத்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

ராமசுப்ரமணியன் மரியாதை தெரிந்த மனிதர். வீட்டுக்கு வந்தவர் எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். பாதி உருட்டிய கவளத்தைத் தட்டில் விட்டார். கை மெல்ல மடிக்கு இறங்கியது. வாயைத் திறந்தார்.

நாகரத்தினம் பார்த்தது வாயை அல்ல, மடிக்கு இறங்கிய கையை. நடுவில் புகுந்து வானிலைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி போடும்போது திமிறுகிற ஆட்களைப் பிடித்துப் பழகிய பிடி அது. அவர் தானே சாப்பிடுவார் என்று ஆங்கிலத்தில் சொல்லி, கரண்டியை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் அவள் காதருகே வந்து தமிழில் பல்லைக் கடித்தார்.

"அக்கா, ஒரே ஒரு வாய். ஒரு போட்டோ. அதுல அவருக்கு என்னக்கா கொறஞ்சு போயிரும்?"

"ஒரு வாய் வாங்கிட்டா அந்தக் கை அடுத்த வாய்க்குக் காத்துட்டு உக்காந்துரும் டாக்டர். இத்தன பெரிய டாக்டரு, உங்களுக்கு நான் சொல்லோணுமா?"

"என் எடத்துல வெச்சு என்னைய அவமானப்படுத்தறீங்க."

"எடம் உங்களுதுங்க. கை அவருது."

ராமசுப்ரமணியன் வாயை மூடிக்கொண்டார். சற்று நேரம் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை மடியிலிருந்து தூக்கித் தட்டில் வைத்து, விட்ட கவளத்தைத் திரும்ப உருட்ட ஆரம்பித்தார். வானிலைக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, அற்புதம் அற்புதம் என்றார். எது அற்புதம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

படம் இல்லாமல் போக முடியுமா? கிளிப்போர்டு அம்மாள் சுற்றிப் பார்த்தார். வாசலோரம் கட்சித் தொப்பி போட்டுக்கொண்டு சபரிநாதன் ஆவலாக நின்றிருந்தார். அவரைக் கூட்டிப்போய்ச் சும்மா இருந்த சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் ஒரு போர்வையைப் போட்டார்கள். போட்டுக்கொண்டார். வானிலைக்காரர் அவருடைய தோளில் கை வைத்தார். சிரிக்க வேண்டாம் என்று போட்டோக்காரர் சொன்னபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பத்து நாளில் பிரசுரம் அச்சாகி வந்தது. மாதத்தில் ஆயிரம் மைல் வேன் ஓட்டுகிற சபரிநாதன் அதில் போர்வையோடு துவண்டு உட்கார்ந்திருந்தார். மறக்கப்பட்ட முதியோரை எங்கள் வேட்பாளர் மறக்கவில்லை என்று கீழே போட்டிருந்தது. நாகரத்தினம் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, கீழே இருந்த வரியை வெட்டிப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஊருக்கு அனுப்பினார்.

டாக்டரின் போன் அதற்கு முன்பே வந்துவிட்டது. பேச்சில் கோபமே இல்லை. ஸ்கேன் மையம் ஒன்று வைக்கப் போகிறோம், இடம் மாதக் கடைசியில் வேண்டும் என்றார். காட்டுவதற்கு அவளிடம் ஒப்பந்தமென்று ஒரு தாளும் இல்லை. சபரிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். மகன், ஒரு ஸாரி சொன்னால் முடிகிற விஷயம் அம்மா, ப்ராக்டிகலாக இரு என்றான். வாழ்நாளெல்லாம் அதுவாக மட்டுமே இருந்தவளிடம் அவன் அதைச் சொன்னான். ஸாரி சொல்லிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தால், அடுத்த தேர்தலுக்கு அடுத்த கரண்டி வரும், அப்போது மறுக்க முடியாது என்று அவள் பதில் சொன்னாள். கடைசி வாரத்தில் சாமான்களை மூட்டை கட்டினாள்.

நான்கு பேர் ஆனாலே உரிமம் வேண்டும் என்பது மாநில விதி. மூன்று பேர் என்றால் வேண்டாம். அதனால் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று பேரை மட்டும் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாள். ஆய்வுக்கு யாரும் வரமாட்டார்கள், படிவம் இல்லை. மூன்று வயதானவர்களுக்குச் சோறு போட வாஷிங்டனும் வேண்டாம், மாநிலத் தலைநகர் ஆஸ்டினும் வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தியும் இருந்தது. ஆறு குடும்பங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஊரின் வடக்கே புதிதாகத் திறந்திருந்த பெரிய நிலையத்தை டாக்டரே எல்லாருக்கும் சிபாரிசு செய்தார். அங்கே மீன் தொட்டி உண்டு, மசாஜ் நாற்காலி உண்டு, ஊட்டிவிட ஆளும் உண்டு.

நஞ்சுண்டனும் அப்பாவை அங்கேதான் சேர்ப்பதாக இருந்தான். டாக்டர் அவனுக்கு வேண்டியவர், நடந்தது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் புது நிலையத்தின் வசதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். ராமசுப்ரமணியன் முழுவதையும் கேட்டார். குழறுகிற பேச்சில், ஒவ்வொரு சொல்லாக இழுத்து, அங்கே சாப்பிட எத்தனை நேரம் கொடுப்பார்கள் என்று கேட்டார். இருபது நிமிடம் என்று நினைக்கிறேன், ஆனால் ஹெல்ப் பண்ணுவார்கள் அப்பா என்றான் மகன்.

"அப்போ வேண்டாம். நான் சிஸ்டர் கிட்டயே போறேன்."

இதை விசாலாக்ஷி மறுநாள் நாகரத்தினத்திடம் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, தயிர்சாதம் பழைய பதத்திலேயே கொண்டு வரலாமா, கொஞ்சம் தளர விடலாமா என்று கேட்டார்.

நவம்பர் ஏழாம் தேதி ஓட்டு. சபரிநாதன் காலை ஏழு மணிக்கே போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டார். யாருக்கு என்று சொல்ல மறுத்தார். பிரசுரத்தில் தன்னைப் போர்வையில் சுற்றிய கட்சிக்குப் போடவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை தானாகவே சொன்னார். பகலில் நாகரத்தினத்துக்கு நேரமில்லை. மூன்று பேரும் வீட்டுக்குப் போன பிறகு போகலாம் என்று இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி, காரில் ஐந்து நிமிடம். ஏழு மணிக்கு மூடுவார்கள்.

மற்ற இரண்டு பேரும் ஐந்தரைக்குப் போய்விட்டார்கள். நஞ்சுண்டன் வரவில்லை. ஓட்டுப் போடுகிற வரிசையில் நிற்கிறேன், நீளமாக இருக்கிறது என்று ஆறு மணிக்குப் போன் செய்தான். ஆறேகாலுக்குப் பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வெளியே குளிர்காற்று அடித்தது. ராமசுப்ரமணியனுக்கு விசாலாக்ஷி ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் ஆறு பொத்தான். கையை நுழைக்கவே எட்டு நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் கீழ்ப் பொத்தானில் ஆரம்பித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடித்தன, ஓட்டையைத் தேடின, நழுவின. மறுபடி பிடித்தன.

இரண்டு பொத்தான் ஏறியபோது ஆறு நாற்பது. நஞ்சுண்டன் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் நல்ல பிள்ளை, அவள் இன்னும் ஓட்டுப் போடவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

"ஆன்ட்டி, ஏழு மணிக்கு போலிங் க்ளோஸ் ஆயிடும். நீங்க கெளம்புங்கோ, மீதியை நான் போட்டு விட்டுடறேன்."

அவன் அப்பாவின் ஸ்வெட்டரை நோக்கிக் கையை நீட்டினான். நாகரத்தினம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். விசாலாக்ஷி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் சபரிநாதன் டிவியை வைத்திருந்தார். எந்த மாநிலம் யாருக்கு என்று ஒரு குரல் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது பொத்தான் ஏறியது. நான்காவது இரண்டு முறை நழுவியது. ராமசுப்ரமணியன் நிறுத்தி, மூச்சு வாங்கி, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் பிடித்தார்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். ஃபர்ஸ்ட் டைம் ஓட்டுப் போடப் போறேள். மிஸ் பண்ணிடாதீங்கோ."

"அவுங்கெல்லாம் நான் போகாட்டியும் ஜெயிச்சுக்குவாங்க தம்பி. இன்னும் மூணு பொத்தான் இருக்குது. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

நஞ்சுண்டன் தள்ளி நின்றான்.